குமரியில் காய்கறித் தோட்டத்தை முந்தித் தொடங்குதல்: சித்திரை விதைப்பா, ஆடி நாற்றா, கடை நாற்றா?

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில், வீட்டுத் தோட்டத்தை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு ஆடிப்பட்டம் என்ற ஒரே விடை போதுமானதாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கும் நிலங்களுக்கு அது பொருந்தும். ஆடியில் விதைத்த செடி, ஐப்பசி மழை இறங்குவதற்குள் நன்றாக வேர்பிடித்துக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்திலோ, இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்கு மழை ஜூன் தொடக்கத்தை ஒட்டி வந்து சேர்ந்து, ஆவணியில் தளர்ந்து, சிறிது இடைவெளிக்குப் பின் ஐப்பசியில் வடகிழக்கு மழை தொடங்கிவிடுகிறது. ஆகவே இங்கே தோட்டத்தை முந்தித் தொடங்க நினைப்பவர், இரண்டு மழைகளுள் எதற்கு முந்துவது என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். நம் ஊர் நெல் விவசாயிகள் சித்திரை, வைகாசியை ஒட்டிக் கன்னிப்பூ என்ற முதல் போகத்தையும், புரட்டாசியை ஒட்டிக் கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்தையும் தொடங்கி வந்தது இந்தக் கணக்கைக் கொண்டுதான். காய்கறித் தோட்டத்துக்கு மட்டும் ஆடியையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் குளிர் நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே உறைபனி விலகுவதற்குப் பல வாரங்கள் முன்பே வீட்டுக்குள் விளக்கொளியிலும் சூடேற்றும் விரிப்பின் மேலும் விதைகளை முளைக்க வைக்கிறார்கள். மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவை நன்றாக முளைப்பதற்கு வேண்டிய 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் நமக்கு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இயல்பாகவே கிடைக்கிறது. அந்தக் கருவிகளுக்குப் பணம் செலவழிப்பது வீண். நமக்குத் தடையாக நிற்பவை மழையும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றும், மேற்குப் பகுதிச் செம்மண்ணின் புளிப்புத் தன்மையும்தான். எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு சோதனைகளை வைத்து அதை அளக்கலாம்: கனமழைக்கு முன் செடி வேர்பிடித்துவிடுமா என்பது ஒன்று, பூத்துக் காய்பிடிக்கும் நாட்கள் கனமழைக்குள் போய் விழாமல் இருக்குமா என்பது மற்றொன்று.

சித்திரையில் நேரே விதைத்தல்

மிகக் குறைந்த செலவும் உழைப்பும் கொண்ட வழி இது. சித்திரை மாதத்தில் மாலை நேரங்களில் இடியுடன் பெய்யும் கோடை மழையை நம்பி, மண்ணில் நேரே விதையை ஊன்றிவிடுவது. கேரளத்தில் மேடம் பத்தாம் நாளாகிய பத்தாமுதயத்தை விதைப்புக்குரிய நாளாகக் கொள்கிறார்கள். நம் கணக்கில் அது சித்திரை 10, அதாவது ஏப்ரல் 23 வாக்கில் வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும் காலம் என்பதால் அந்த நாளில் நடைமுறை அறிவும் இருக்கிறது.

இந்த வழிக்கு மிகவும் ஏற்றது வெண்டை. விதைத்த 45 நாட்களில் முதல் பறிப்பு கிடைக்கும் என்பதால், பத்தாமுதயத்தில் ஊன்றிய விதை ஜூன் முதல் வாரத்தில், இடவப்பாதி தொடங்கும் நாட்களிலேயே காய் தரும். அதன் பின் பெய்யும் மழை, வடிகால் இருக்கும் வரையில், வெண்டைக்குப் பெரிதும் கேடு செய்வதில்லை. மாறாக, வெள்ளை ஈக்கள் பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் மழைக்காலத்தில் குறைந்தே காணப்படும். ஆனால் செடி இளசாக இருக்கும் சித்திரை, வைகாசி வெயிலில் அந்த ஈக்கள் அதிகம் என்பதால், நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா போன்ற ரகத்தைத் தேர்வது நல்லது. அடுத்த வீட்டில் வாங்கிய விதையாக இருந்தால், முதல் இரண்டு வாரம் பழைய கொசுவலையால் மூடி வைக்கலாம்.

தடியங்காயையும் (சாம்பல் பூசணியையும்) இப்போதே ஊன்றிவிட வேண்டும். அது விளைந்து முற்றுவதற்கு மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும் என்பதால், சித்திரையில் இட்ட விதைதான் ஆவணி ஓணத்துக்கு ஓலன் என்ற கறியாகும். பறித்த பின்னும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் காய் அது. ஆகவே அறுவடை மழைக்குள் விழுந்தாலும் நட்டமில்லை. தண்டுக்கீரை வகைகளைச் சித்திரை முதல் வாரத்தில் தூவினால் 25 முதல் 30 நாட்களில் பறித்துவிடலாம். குறிப்பாகச் சிவப்புக் கீரை, மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோயால் வெளுத்துக் கிழிந்துபோவதால், இடவப்பாதிக்கு முன்பே அதை முடித்துக்கொள்வதுதான் ஒரே பாதுகாப்பு. மழையிலும் கீரை வேண்டும் என்பவர்கள் கோ 1 என்ற பச்சைக் கீரையை நாடலாம். அது அந்த நோயைப் பெரும்பாலும் தாங்கும்.

பாகற்காயைச் சித்திரையில் விதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பூக்கும் நாட்கள் சரியாக ஜூன் தொடக்கத்தில் போய் விழுகின்றன. விடாத மழையில் தேனீக்கள் வெளியே வருவதில்லை. பூத்த பூவெல்லாம் கொட்டிவிடும். தப்பிப் பிடிக்கும் காயைப் பழ ஈ துளைக்கும். காகிதப் பை கட்டியும், ஈக்களைக் கவரும் பொறி வைத்தும் ஓரளவு காப்பாற்றலாம் என்றாலும், மார்கழி இறுதியிலோ தையிலோ விதைத்தால் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை.

இந்த வழியின் பெரிய குறை தண்ணீர். பங்குனியிலும் சித்திரையிலும் கிணறுகள் தாழ்ந்திருக்கும். கோடை மழை ஒரு வாரம் பொய்த்தால், முளைத்த செடியைக் குடத்துத் தண்ணீரால்தான் காக்க வேண்டும். விளையில் (மேட்டுத் தோட்டத்தில்) கிடக்கும் சவறை, அதாவது காய்ந்த இலைதழையை, செடியைச் சுற்றிக் கனமாகப் பரப்புவது பாதித் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்றே சொல்லலாம். கதம்பையை (தேங்காய் மட்டையை) குழியின் அடியில் கவிழ்த்து அடுக்குவதும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

பங்குனி நாற்று, வைகாசி நடவு

கத்தரி, மிளகாய் இரண்டையும் நேரே விதைப்பதில் பொருளில்லை. இவற்றுக்கு நாற்றுப் பருவம் நீளம்: கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாட்களும், மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாட்களும் தேவைப்படும். இந்த ஒரு மாதத்தை வராந்தாவிலோ கிழக்குப் பார்த்த சன்ஷேடின் கீழோ கழித்துவிட்டால், செடி நிலத்துக்கு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். என் பார்வையில் முந்தித் தொடங்குதல் என்பதன் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது.

கணக்கு இவ்வாறு அமையும். மிளகாய் விதையைப் பங்குனி மூன்றாம் வாரத்திலும் கத்தரி விதையை அதற்கு ஒரு வாரம் கழித்தும் இட்டால், வைகாசி முதல் வாரத்தில், அதாவது மே நடுவில், இரண்டையும் நடலாம். இடவப்பாதிக்கு அப்போது ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும். அதற்குள் வேர் பிடித்துவிடும். கத்தரி நட்ட 55 முதல் 60 நாட்களில் முதல் பறிப்பு என்பதால் ஆடி தொடக்கத்திலேயே காய் வரும். சந்தையில் காய்கறி விலை ஏறும் ஓண நாட்களில் வீட்டுச் செடியிலிருந்தே அவியலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நாற்று வளர்க்கும் பாத்திரத்தைப் பற்றிச் சிலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். குழித்தட்டுகளுள் வழக்கமாகக் கிடைப்பது 98 குழி கொண்டது. ஒரு தட்டை நிரப்ப ஒன்றேகால் கிலோ அளவுக்குப் பதப்படுத்திய தென்னை நார்க்கழிவு வேண்டும். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு எட்டுக் கத்தரிச் செடியும் ஆறு மிளகாய்ச் செடியும் தாராளம் என்னும்போது, ஒரு முழுத் தட்டு என்பது ஒரு தெருவுக்கே போதும். பக்கத்து வீடுகளோடு சேர்ந்து போடுவதானால் சிக்கனம்தான். தனியாகப் போடுபவருக்குச் சிரட்டையே போதும். கண் உள்ள பாதிச் சிரட்டையில் ஒரு கண்ணைத் துளைத்துவிட்டால் வடிகாலும் ஆயிற்று. பாத்திரத்தைவிட அதில் இடும் பொருள்தான் முக்கியம். கயிற்றுத் தொழிற்கூடத்திலிருந்து நேரே அள்ளி வந்த தும்புச் சோற்றில் (பதப்படுத்தாத நார்க்கழிவில்) உப்பும் துவர்ப்புப் பொருளும் மிகுதியாக இருப்பதால் இளம் வேர் கருகும்; அதைப் பல முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரத்துடன் கலந்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

நாற்றுப் பருவத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, வெளிச்சக் குறைவு. வீட்டுக்குள் இருட்டில் வைத்த நாற்று வெளுத்து நீண்டு, நட்ட அன்றே சாயும். காலை வெயில் நேராக விழும் இடமே வேண்டும். மற்றொன்று நாற்றழுகல். முளைத்த தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து நூல்போல் சுருங்கி ஒரே இரவில் படுத்துவிடும். இது பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் வருவது, மிகையான ஈரத்தில் பரவுவது. விதைப்பதற்கு முன் விதையைச் சிறிது சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளில் புரட்டி எடுப்பதும், முளைத்த பின் லிட்டருக்கு 10 கிராம் வீதம் அதையே கரைத்து ஊற்றுவதும், அவற்றுக்கெல்லாம் மேலாகக் காலையில் மட்டும் தண்ணீர் விடுவதும் இதைத் தடுக்கும். நடுவதற்கு முந்திய ஐந்தாறு நாட்கள் தண்ணீரைக் குறைத்து, வெயில் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி நாற்றைத் திடப்படுத்த வேண்டும்.

இனி இந்த வழியின் உண்மையான எதிரிக்கு வருவோம். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் புளிப்பான செம்மண்ணில், மழை தொடங்கியதும் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றையும் தாக்குவது பாக்டீரியா வாடல். மஞ்சளாகாமல், பச்சையாகவே, நண்பகலில் தலை தொங்கி இரண்டு மூன்று நாட்களில் செடி போய்விடும். ஐயம் இருந்தால், வாடிய செடியின் அடித்தண்டை அறுத்துக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் தொங்கவிட்டால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கும். அது இந்த நோய் என்பதற்கு அடையாளம். வந்த பின் மருந்து எதுவும் உருப்படியாகப் பயன்படாது. ஆகவே வைகாசி நடவைத் தேர்பவர் ரகத்தில் சமரசம் செய்யக் கூடாது. நம்மைப் போன்றே மழையும் மண்ணும் உள்ள இடத்தில் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கத்தரி ரகங்களான சூர்யா, சுவேதா, ஹரிதா ஆகியவையும், மிளகாயில் உஜ்வலா, அனுக்ரகா ஆகியவையும் இந்த வாடலைத் தாங்குபவை. மேற்குக் குமரிக்கு இவை மிகப் பொருத்தமானவை. எல்லை கடந்து போய் வருபவர் நிறையப் பேர் இருக்கும் ஊரில், விதை கிடைக்காது என்று சொல்வதற்கில்லை. கைப்பழக்கம் உள்ளவர்கள், வேலியோரத்தில் தானே முளைத்து நிற்கும் சுண்டைச் செடியின் மேல் கத்தரியை ஒட்டுக் கட்டியும் பார்க்கலாம். சுண்டையின் வேர் வாடலையும் நூற்புழுவையும் எதிர்த்து நிற்கும்.

நடுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பாத்தியில் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்க வேண்டும். அதையும் சாணி உரத்தையும் ஒரே நாளில் சேர்த்து இடக் கூடாது. பாத்தி ஒரு அடி உயரத்தில் மேடாக இருக்கட்டும். சரிவான விளையில் வடிகால் இயல்பாகவே கிடைக்கும்; வயலை நிரவி வீடு கட்டிய இடங்களில் மேட்டுப்பாத்தி இல்லாமல் இந்த வழியை நினைக்கவே வேண்டாம், அங்கே சாக்குப் பையிலோ வளர்ப்புப் பையிலோ நடுவதே மேல்.

ஆடி நாற்று, ஆவணி நடவு

இது ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியோடு ஒத்துப்போகும் வழி. ஆனால் விதை நிலத்தில் விழாமல் கூரையின் கீழ் விழுகிறது. ஆடி முதல் வாரத்தில் தட்டில் இட்ட மிளகாய், ஆவணி பத்துத் தேதிவாக்கில், தென்மேற்கு மழை தளர்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில் நடவுக்கு ஆயத்தமாகும். ஐப்பசி மழைக்கு ஏறத்தாழ ஏழு வாரம் இடைவெளி கிடைப்பதால், வேர்பிடிக்கும் சோதனையில் இது வைகாசி நடவைவிட நன்றாகவே தேறுகிறது. பூக்கும் சோதனையில் அவ்வளவு இல்லை: முதல் காய்ப்பு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி போய்விடும். ஆயினும் செடி உயிரோடு நின்றால், மார்கழி முதல் மாசி வரை அது தரும் காய் இழந்ததற்கெல்லாம் ஈடு செய்யும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வாழையையும் ரப்பரையும் சாய்த்துப் போட்ட மாவட்டம் இது என்பதை மனத்தில் வைத்து, கார்த்திகையில் நிற்கும் செடி ஒவ்வொன்றுக்கும் முட்டுக் கொடுத்துக் கட்டிவிடுவது அவசியம்.

நாற்று வளர்க்கும் ஒரு மாதம் முழுதும் மழைக்காலம் என்பது இதிலுள்ள தொல்லை. ஒளி ஊடுருவும் கனமான பாலித்தீன் தாளை நான்கு கம்புகளின் மேல் சரிவாகக் கட்டி, பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்து விட்டால் போதும். பசுமை நிழல்வலை மட்டும் கட்டுவது பலர் செய்வது. அது வெயிலைத்தான் தணிக்கும், மழையைத் தடுக்காது, சொட்டுச் சொட்டாக நாற்றின் தலையிலேயே விழும். நத்தைகளுக்கு இது விருந்துக் காலம் என்பதால் தட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் நாற்று

நேரமில்லாதவர்களுக்கு இதுவே முந்துவதற்கான குறுக்குவழி. ஒரு மாத வேலையை ஒரு நாளில் வாங்கிவிடலாம். பத்துச் செடிக்குள் போதும் என்ற வீட்டுக்குச் செலவும் அதிகமில்லை. குறை என்னவென்றால், பெரும்பாலான விற்பனை இடங்களில் கத்தரி, மிளகாய் என்பதற்கு மேல் ரகப் பெயர் சொல்வதில்லை. வாடல் உள்ள மேற்குப் பகுதியில் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வீட்டு நாற்றின் பக்கம் சாய்கிறேன். வேறிடத்து மண்ணோடு நோயும் சேர்ந்து வரக்கூடும். வாங்குவதாக இருந்தால், கன்னியாகுமரியிலும் பேச்சிப்பாறையிலும் உள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் முதலில் கேட்டுப் பார்க்கலாம். ரகம் குறித்த ஐயங்களுக்குத் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பையில் நிற்கும்போதே பூவும் பிஞ்சும் விட்ட செடியைப் பார்த்து மகிழ்ந்து வாங்குகிறவர்கள் உண்டு. அது வயது கடந்த நாற்று. நட்ட பின் வளராமல் நின்றுவிடும். நான்கைந்து இலைகளும் தடித்துக் குட்டையான தண்டும் வெள்ளை வேரும் உள்ளதே நல்ல நாற்று.

இடத்துக்கு ஏற்ற தேர்வு

மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், திருவட்டாறு என மேற்கே சரிவான விளையில் வீடு உள்ளவர்களுக்கு, சித்திரையில் வெண்டை, தடியங்காய், கீரை ஆகியவற்றை நேரே விதைத்து, கத்தரியையும் மிளகாயையும் பங்குனி நாற்றாக வளர்த்து வைகாசியில் நடுவதே சிறந்தது என்பது என் முடிவு. ரப்பரும் தென்னையும் நெருங்கிய நிழலில் இது எதுவும் பலிக்காது. காய்கறிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அத்தகைய நிழலில் சேனை, சேம்பு, மஞ்சள், காந்தாரி மிளகாய் ஆகியவற்றோடு நின்றுகொண்டு, மற்றவற்றை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடலாம்.

தோவாளை, ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது மழையைவிடக் காற்றே. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டதற்கு அதுதான் காரணம். வைகாசியில் நட்ட இளஞ்செடியின் இலைகளைக் கிழித்து, மண்ணின் ஈரத்தையும் அந்தக் காற்று உறிஞ்சிவிடும். எனவே இந்தப் பகுதியினர் ஆடி நாற்றையே தேர்ந்து, காற்று ஓய்ந்து வரும் ஆவணிக் கடைசியில் நட வேண்டும். தென்மேற்குப் பக்கம் அகத்தி வரிசையோ, பழைய சேலையைக் கட்டிய தட்டியோ இருந்தால் இரண்டு வாரம் முந்தலாம். வெண்டையை மட்டும், கிணற்று நீர் உள்ளவர்கள், சித்திரையிலேயே விதைக்கலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர மணலில் புளிப்புத் தொல்லை கிடையாது, சுண்ணாம்பும் தேவையில்லை. ஆனால் தண்ணீர் நிற்காது. அங்கே மக்கிய உரமும் அலசிய நார்க்கழிவும் நிறைத்த பைகளில், வீட்டின் கிழக்குச் சுவரோரம், இரண்டு பட்டங்களில் எதையும் வைத்துக்கொள்ளலாம்.

தக்காளியை இதுவரை எந்தப் பட்டத்திலும் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தில் அதற்கு முந்துவது நல்லதில்லை. ஆடியில் நாற்றுவிட்டால் பழம் சரியாக அடைமழையில் வெடிக்கும். பங்குனியில் நாற்றுவிட்டால் இடவப்பாதியில் செடியே அழுகும். ஐப்பசிக் கடைசியில் கூரையின் கீழ் விதைத்து, 25 நாள் நாற்றைக் கார்த்திகை மூன்றாம் வாரத்தில், வாடலைத் தாங்கும் சக்தி, அனகா, அர்கா ரக்சக் ஆகியவற்றுள் ஒன்றாகப் பார்த்து நட்டால், மாசியின் வறண்ட நாட்களில் பழம் ஒழுங்காகப் பழுக்கும். பங்குனி முடிவில் அந்தச் செடிகளைப் பிடுங்கிய இடத்தில் கத்தரியையோ மிளகாயையோ வைக்காமல், சித்திரை மழைக்கு வெண்டையோ பயறோ ஊன்ற வேண்டும்.